அவையறிந்து பாடுவோம்

(மண்ணூரில் தொழிலாளத் தோழர்களும் தமிழன்பர்களும் கூடிய மாலைக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

முறைவேலை முடித்த களைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் தோழர்களே! என்னிடம் படித்து, இன்று எனக்கே பாடம் கற்பித்துக் கொண்டிருக்கும் தம்பிமார்களே! தாய்மார்களே!

ஒலிவாங்கியைக் கையிற் பிடித்தவன் அவைக்குக் கடன்பட்டவன் என்பதே இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள். இதனை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை. என் பிழையிலிருந்து எடுத்தேன். ஆகலின் அப்பிழையை முதற்கண் கூறிவிடுகின்றேன்.

கடந்த தைத்திங்களில், நெடுஞ்சாலையோரத் திருமண மண்டபம் ஒன்றில் பொங்கல் இன்னிசை இரவு நடந்தது. நடத்தியவர் என் பழைய மாணவர். இப்பகுதித் தொழிலகம் ஒன்றில் ஊர்தி உறுப்புகள் செய்யும் பிரிவில் வேலை. ஓய்வு நாள்களில் ஒரு மடிக்கணினியும் இரண்டு ஒலிபெருக்கிகளும் கொண்டு 'கரோக்கி' நடத்துகின்றார். என்னையும் அழைத்து முன்வரிசையில் அமர்த்தினார். பல விடுதிகளிலிருந்து தொழிலாளர் வந்திருந்தனர். அவருள் நாற்பதின்மர் அளவில் பெண்கள்.

இரவு ஒன்பது மணியளவில் ஓர் இளைஞர் மேடையேறிப் பாடினார். திரைப்பாட்டுத்தான். பெண்ணின் உடலைச் சந்தைச் சரக்காக்கி, உறுப்புறுப்பாக விலை பேசும் பாட்டு. பின்வரிசையில் சீழ்க்கையொலி பறந்தது. இரண்டாம் அடி முடிவதற்குள் பெண்கள் வரிசை எழுந்தது. ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. எழுந்து வெளியே போயினர். அவர்களின் விடுதிப் பேருந்து பத்து மணிக்குத்தான் வரும். அதுவரை சாலையோரத்து இருட்டில், சரக்குந்துகள் பறக்கும் புழுதியில் நின்றனர். உள்ளே பாட்டு நடந்தது. முன்வரிசையில் இருந்த தமிழாசிரியனாகிய யான் வாய் திறக்கவில்லை. விருந்தாளி என்னும் நாணம்! அச்சம் என்பதே உண்மை.

அதனோடு நின்றிருந்தால் கோழை என்னும் பெயரோடு போயிருப்பேன். அடுத்துத் தென்மாவட்டத்து இளைஞன் ஒருவன் வந்தான், ஒப்பந்தத் தொழிலாளி. பின்னணி இசை வேண்டா என்று சொல்லித் தன் ஊர் ஏர்ப்பாட்டைப் பாடத் தொடங்கினான். அதில் காளையின் வாலைப் பற்றி வருமிடத்தில் 'மயிர்' என்னுஞ் சொல் வந்தது. உள்ளே அடைத்து வைத்திருந்த சினமெல்லாம் எனக்கு அப்போதுதான் பீறிட்டது. எழுந்து, "நிறுத்து! இஃது அவை!" என்றேன். அவன் திகைத்து நின்றான். "எங்க தாத்தா ஏர் ஓட்டும்போது பாடுனதுங்க ஐயா" என்று தாழ்ந்த குரலிற் சொல்லிவிட்டு, ஒலிவாங்கியை வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

தோழர்களே, பேச வேண்டிய இடத்தில் வாய் பொத்தினேன்; பொத்த வேண்டிய இடத்தில் பேசினேன். திருவள்ளுவர் 'மயிர்' என்னுஞ் சொல்லை எந்த அதிகாரத்தில் வைத்தார்? மானம் என்னும் அதிகாரத்தில்! முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் அதனை நடத்திய வாய்தான் அவ்விளைஞனின் தாத்தாவுடைய சொல்லை இழிசொல் என்றது. அன்றிரவு என் மாணவர், "ஐயா, எந்தப் பாட்டை விடுவது, எதை மறுப்பது? எனக்கு ஓர் அளவுகோல் சொல்லுங்கள்" என்று கேட்டார். விடை சொல்ல எனக்குச் சில கிழமைகள் ஆயின. அவ்விடையே இவ்வுரை.

முதலில் இப்புதுக் கூத்து எது என்று பார்ப்போம். 'கரோக்கி' என்பது சப்பானியச் சொல். 'கர' என்றால் வெறுமை. 'ஓக்கே' என்பது பல்லியத்தைக் குறிக்கும் மேலைச்சொல்லின் குறுக்கம். பாடுவோன் இல்லாத வெறும் இசை என்பது பொருள். வெறுமை, இசை இரண்டும் கூடினால் தமிழில் வெற்றிசை. இனி யான் வெற்றிசை என்றே வழங்குவேன். 1971-இல் கோபெ நகரத்து இசைஞர் தாய்சுக்கே இனோவே என்பார் இதற்கெனக் கருவி அமைத்து வாடகைக்கு விட்டார். காப்புரிமை பெறவில்லை, ஆகலின் உலகெங்கும் அது பரவிற்று. பயிற்சியில்லாத எளிய மாந்தனும் மேடையேறி நான்கு மணித்துளி பாடகனாகலாம் என்பதே அதன் சிறப்பு. நாள் முழுதும் பொறியின் ஓசைக்குக் காது கொடுத்தவன் தன் குரலைத் தானே கேட்கும் நேரம் அது. அதனைக் கேலி செய்யவோ தடுக்கவோ யான் வரவில்லை.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. திரையில் ஒரு நடிகர் பாடும்போது அது கதைமாந்தரின் வாய்ச்சொல். அதையே நீங்கள், உங்களோடு அதே வரிசையில் நின்று வேலை செய்யும் பெண்ணின் முன்னே, உங்கள் குரலில், அவளை நோக்கியபடி பாடினால், அது உங்கள் வாய்ச்சொல் ஆகிவிடுகிறது. பாட்டு மாறவில்லை, அவை மாறிவிட்டது. மறுநாட் காலை ஆறு மணிக்கு அவள் உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்ய வேண்டும். வெளியேறிய நாற்பதின்மர் பாட்டுக்கு அஞ்சி வெளியேறவில்லை. அந்தக் காலைக்கு அஞ்சி வெளியேறினர்.

இந்த 'அவை' என்பதை நம் முன்னோர் இலக்கணத்திலேயே வைத்தனர். தொல்காப்பியர் எச்சவியலில் 'அவையல் கிளவி' என்று ஒன்று சொல்கின்றார். அவைக்கு ஆகாத சொல் என்பது பொருள். அதனை மறைத்துச் சொல்க என்பது அவர் கட்டளை. பின்வந்த நன்னூலார் தகுதி வழக்கு மூன்றனுள் இதனை இடக்கரடக்கல் என்று வைத்தார். 'கால் கழுவி வந்தான்' என்று நம் பாட்டிமார் சொல்வது இலக்கணம் படித்தன்று. அஃது இந்த மண்ணின் நாகரிகம்.

இங்கே நுட்பம் ஒன்றைக் காண்க. தொல்காப்பியர் அச்சொல்லை மொழியினின்றே நீக்கிவிடுக என்று சொல்லவில்லை. அவையில் மறை என்றுதான் சொன்னார். அதனோடு நில்லாமல், வழக்கில் நிலைபெற்றுப் போனவற்றை மறைக்க வேண்டா என்றும் விலக்குத் தந்தார். ஆப்பி, ஆட்டுப்பிழுக்கை, யானையிலண்டம் ஆகியவற்றை உரையாசிரியர்கள் இதற்கு எடுத்துக்காட்டுவர். கழிவைக் குறிக்கும் சொற்களே எனினும், உழவன் வாயில் அவை எருவின் பெயர்கள், இழிவு இல்லை. அவ்வேர்ப்பாட்டின் 'மயிர்' இவ்விலக்கில் அடங்கும். தொல்காப்பியத்தை உண்மையாகப் படித்திருந்தால் யான் அன்று எழுந்திருக்க மாட்டேன்.

நம்மவர் பலர்க்கும் இம்மயக்கம் உண்டு. தனித்தமிழ் அன்பர்களாகிய நமக்குச் சற்று மிகுதியாகவே உண்டு. கொச்சை வேறு, கீழ்மை வேறு. கொச்சை என்பது சொல்லின் வடிவம் திரிதல்; கீழ்மை என்பது உள்ளம் திரிதல். 'பாடுனதுங்க' என்பது கொச்சை. அதில் கீழ்மை இல்லை. ஓரெழுத்தும் பிழையாமல், எதுகை மோனை தவறாமல், ஒரு பெண்ணை இழிவுபடுத்தி எழுதிய திரைப்பாட்டில் கொச்சையே இல்லை. கீழ்மை நிரம்ப உண்டு. தூய தமிழில் எழுதப்பட்டதனாலேயே ஒரு பாட்டுத் தூயதாகிவிடாது.

சொற்களின் வரலாறும் நமக்கு இதையே கற்பிக்கிறது. 'நாற்றம்' என்றால் பண்டு நறுமணம். இன்று கெட்ட நாற்றம். கோவிலுக்குத் தொண்டு பூண்ட பெண்ணை மதிப்போடு குறித்த 'தேவரடியாள்' என்னுஞ் சொல், இன்று எந்தப் பெண்ணின் செவியிலும் விழக்கூடாத வசையாகச் சிதைந்து கிடக்கிறது. சொல்லா கெட்டது? அப்பெண்ணைக் கெடுத்த குமுகாயம், தன் குற்றத்தை அவள் பெயரின்மேல் ஏற்றிற்று.

ஆகவே அவைக்கு ஆகாதன என்பவற்றை மூன்றாகப் பகுத்துக் கொண்டேன். ஒன்று, உடலையும் கழிவையும் குறிக்கும் சொற்கள். இவை இடத்துக்கும் ஊருக்கும் ஏற்ப மாறும். இவற்றில் பொறுமை வேண்டும். இரண்டு, குலத்தையும் தொழிலையும் சுட்டி இழிப்பவை. பல வசைச்சொற்கள் முன்பு யாரோ ஓர் உழைப்பாளியின் குலப்பெயராகவோ தொழிற்பெயராகவோ இருந்தவை. இவற்றில் பொறுமையே கூடாது. பட்டியற் சாதியினரையும் பழங்குடியினரையும் பலர் முன்னிலையில் சாதிப்பெயர் சொல்லி இழிப்பது 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். மூன்று, பெண்ணைப் பண்டமாக்குபவை. இவை பெரும்பாலும் ஒரு தீய சொல்லும் இல்லாமலே வரும். இரட்டைப் பொருள் என்னும் முக்காடு போட்டுக்கொண்டு வரும்.

இரட்டைப் பொருளைத் தட்டிக் கேட்டால், "காளமேகம் பாடவில்லையா?" என்று கேட்பார் உளர். காளமேகம் பாம்பையும் எள்ளையும் ஒரே பாட்டில் வைத்தார்; அங்கே இரண்டு பொருளும் வெளிச்சத்தில் நிற்கின்றன; இரண்டையும் விளக்கிச் சொல்லி வகுப்பறையில் மகிழலாம். இன்றைய இரட்டைப் பொருளில் ஒரு பொருள், தட்டிக் கேட்டால் ஒளிந்து கொள்வதற்காக வைத்தது. "நீங்கள்தாம் தப்பாக எண்ணுகிறீர்கள்" என்று கேட்பவர்மேலேயே பழி போடுவதற்கு வைத்தது. அது சிலேடையன்று, கோழைத்தனம்.

"நாட்டுப்புறத்தில் கேலியும் ஏசலும் இல்லையா?" என்று இன்னொரு வினா. உண்டு. இந்தக் காஞ்சி வட்டாரம் தெருக்கூத்து வளர்ந்த மண். கட்டியக்காரன் வாயில் வராத பேச்சு உண்டா? ஆனால் அவன் யாரை நகையாடினான்? மேடையில் நிற்கும் மன்னனையே நகையாடினான். திருமண ஏசற்பாட்டில் பெண்வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் மாறி மாறிப் பாடினர். ஏசப்பட்டவர்க்கு மறுமொழி பாட இடம் இருந்தது. இருட்டுச் சாலையில் நின்ற நாற்பதின்மர்க்கு மறுமொழி பாட இடம் இருந்ததா? அதுதான் வேற்றுமை.

இனி, அடக்குவது யார் பொறுப்பு? சட்டமா? சட்டம் இருக்கிறது. பொதுவிடத்தில் பிறர்க்குத் தொல்லையாக இழிந்த பாட்டைப் பாடுவதும் இழிந்த சொல்லைச் சொல்வதும் 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டத்தின் 294-ஆம் பிரிவில் குற்றமாக இருந்தது. 2024 சூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்தில் 296-ஆம் பிரிவாக இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை, ஆயிரம் உருபா வரை தண்டம். கோவில் திருவிழா ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு இசைவளிக்கும்போது, இழிந்த ஆட்டமும் இரட்டைப் பொருட் பாட்டும் கூடா, சாதியையோ கட்சியையோ தூக்கிப் பாடுதல் கூடாது என்று உயர்நெறிமன்றத்தின் மதுரைக் கிளை வரையறை விதித்து வந்திருக்கிறது. 2015 திசம்பரில் பெயர்பெற்ற திரைக்கலைஞர் இருவரின் பெயரில் வெளிப்பட்ட ஒரு பாட்டின்மேல் கோவைக் காவல்துறை வழக்குப் பதிந்ததையும் நீங்கள் அறிவீர்கள்; பெண்களே தெருவில் இறங்கி அப்பாட்டை எதிர்த்தனர்.

ஆயினும் அரசின் கையில் பாட்டுப் பட்டியலை முழுதும் கொடுத்துவிட யான் அஞ்சுகின்றேன். சீன அரசு 2021-இல் வெற்றிசைக் கூடங்களுக்கு விதி வகுத்தது. அவ்வாண்டு அத்தோபர் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. இழிபாட்டைத் தடுத்த அதே பட்டியலில், நாட்டொற்றுமைக்கு ஊறு செய்யும் பாட்டும் தடுக்கப்பட்டது. எது ஊறு என்று முடிவு செய்பவர் யார்? இழிவைத் தடுக்க எழுந்த கை, உரிமைப் பாட்டின் கழுத்தையும் நெரிக்கும். தடையால் மட்டும் சுவை மாறாது என்பதற்கும் சான்று உண்டு. 1952-இல் நடுவண் அமைச்சர் கேசுக்கர் காலத்தில் அகில இந்திய வானொலி திரைப்பாட்டை ஒதுக்கிற்று. மக்கள் என் செய்தனர்? இலங்கை வானொலிக்குத் திருப்பினர். 1957-இல் விவித பாரதி என்று ஒன்றைத் தொடங்கி வானொலியே இறங்கி வந்தது. ஆகவே, தடையை அவை தானே தனக்கு விதித்துக்கொள்ள வேண்டும். தடுத்த இடத்தில் நல்லதொன்றை வைக்கவும் வேண்டும்.

என் மாணவர்க்குச் சொன்னவற்றை இப்போது உங்களுக்கும் சொல்கின்றேன். நிகழ்ச்சி நடத்தும் தம்பிமார் குறித்துக்கொள்க.

முதலாவது, விதியை மேடையில் சொல்லாதீர், அழைப்பிலேயே சொல்லுங்கள். பாடுவோர் முந்தைய நாளே பாட்டின் பெயரைத் தரவேண்டும். நீங்கள் அப்பாட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டா, படித்துப் பாருங்கள். மெட்டு மயக்கும். மெட்டை உரித்துவிட்டுச் சொற்களை மட்டும் தாளில் எழுதிப் படித்தால் அதன் முகம் தெரியும்.

இரண்டாவது, மூன்று வினா கேளுங்கள். மெட்டில்லாமல் இச்சொற்களை இதே அவையில் எழுந்து நின்று சொல்ல முடியுமா? இப்பாட்டில் நகைக்கப்படுபவர் யார். அவர் இவ்வவையில் இருக்கிறாரா? அவர் மறுமொழி சொல்ல இடமுண்டா? மூன்றுக்கும் நேரிய விடை இருந்தால் பாடட்டும். ஓரடி மட்டும் சிக்கலாயின், அவ்வடியை மாற்றியோ முனகியோ பாடச் சொல்லுங்கள். இடக்கரடக்கல் என்பது அதுதானே!

மூன்றாவது, பிறமொழிப் பாட்டு. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தோழர்கள் இங்கே உழைக்கின்றனர்; அவர்களும் பாட வேண்டும். பொருள் தெரியாமல் நாம் தாளம் போடுவதும் தவறு. தெரியாத மொழி என்றே ஐயுறுவதும் தவறு. போச்சுபுரி இழிபாட்டைப் பொதுவிடத்தில் போடுவோர்மேல் நடவடிக்கை எடுக்குமாறு 2025-இல் பீகார்க் காவல்துறையே ஆணையிட்டது. ஆகவே அவர்களுக்கும் இக்கவலை உண்டு. அம்மொழி அறிந்த இருவரை, அதில் ஒருவர் பெண்ணாக, பட்டியல் பார்க்கும் குழுவில் சேர்த்துக் கொள்ளுங்கள்.

நான்காவது, மிக இன்றியமையாதது. பட்டியலை மீறி ஒருவர் பாடத் தொடங்கிவிட்டால் என் செய்வது? என்னைப்போல் எழுந்து கத்தாதீர். ஒலிவாங்கியைப் பிடுங்காதீர். பிலிப்பைன்சு நாட்டில் ஒரே ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடியது தொடர்பான சண்டைகளில் உயிர்களே போயின. பல கூடங்கள் அப்பாட்டையே பட்டியலினின்று நீக்கின. அந்தப் பாட்டில் இழிசொல் இல்லை. பலர்முன் ஏளனம் செய்யப்பட்டதனால் எழுந்த சினமே அவற்றுட் சிலவற்றில் கொலையாயிற்று என்பர். வெற்றிசையில் ஒரு வசதி உண்டு. 'மிக்சர்' என்று நீங்கள் வழங்கும் ஒலிக்கலவைப் பெட்டியில் குரலுக்கு ஒரு திருகு; இசைக்கு வேறு திருகு. குரலை மட்டும் மெல்ல இறக்குங்கள். இசை ஓடட்டும். அவை கை தட்டி அதை நிறைக்கும். பாடியவர் மானமும் கெடாது. கேட்பவர் மானமும் கெடாது. இறங்கியபின் தனியே அழைத்துப் பேசுங்கள்.

ஐந்தாவது, குடித்து வந்தவர்க்கு அன்று மேடை இல்லை. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கியும் இல்லை, திறந்தவெளியில் பொதுவாக அது சட்டமும்கூட. பெண்கள் திரும்பிப் போகும் ஊர்தி வரும்வரை அவர்கள் மண்டபத்துள் இருக்கவே நிகழ்ச்சி. வல்லம் வடகாலில் 2024 ஆகத்தில் திறந்த விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்க இடமிருக்கிறது. இப்பெருவழியின் தொழில் அவர்கள் கைகளால் நடக்கிறது. அவர்கள் அமர முடியாத அவை, அவையா?

ஆறாவது, மாற்று. முப்பது அகவைகூட நிறையாமல், 1959-இல் மறைந்த பட்டுக்கோட்டை கலியாணசுந்தரனார் உழைப்பாளிக்காகத் திரையிலேயே எழுதி வைத்தவை ஏராளம். பாவேந்தர் பாடல்கள் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, உங்கள் ஒவ்வொருவர் வீட்டிலும் பாட்டியின் பாட்டு உண்டு. ஒவ்வோர் இரவிலும் பின்னணியே இல்லாத மூன்று பாட்டுக்கேனும் இடம் வையுங்கள்.

இதையெல்லாம் என் மாணவர் பங்குனியில் செய்து பார்த்தார். எல்லாம் இனிதே முடிந்தது என்று கதை சொல்ல மாட்டேன். செலவில் ஒரு பங்கு தருவதாகச் சொன்ன மேலாளர் ஒருவர், பட்டியலில் மறுத்த பாட்டையே கேட்டார். "எல்லார்க்கும் ஒரே விதிங்க ஐயா" என்றார் என் மாணவர். அவர் எழுந்து போய்விட்டார். சொன்ன பணமும் வரவில்லை. வாடகைக் கடனில் ஒரு பகுதி இன்னும் நிற்கிறது. ஆனால் அன்று பெண்கள் வரிசை பத்து மணி வரை இருந்தது. அதிலிருந்து இருவர் மேடையேறிப் பாடினர். அக்கடன் அம்மாணவருடையது மட்டும் அன்று. கேட்டு மகிழ்ந்த நம் எல்லாருடையதும். இன்று வாயிலில் ஒரு பெட்டி வைத்திருக்கிறது, இயன்றதை இடுங்கள்.

இறுதியாக ஒன்று. அத்தென்மாவட்டத்து இளைஞனைத் தேடினேன். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போய்விட்டான் என்றனர். என் பிழையை ஒப்புக்கொண்டு, மீண்டும் வந்து அப்பாட்டை முழுதும் பாட வேண்டும் என்று அவன் அறைத்தோழர் வழியே சொல்லி அனுப்பினேன். இதுவரை மறுமொழி இல்லை. அவன் வந்தால் அவனுக்கு மேடை கொடுங்கள். வாராவிட்டாலும், அவனைப்போல் தாத்தாவின் பாட்டோடு வரும் அடுத்த பிள்ளையை எந்தத் தமிழாசிரியனும் இறக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இருட்டுச் சாலைக்கு எந்தப் பெண்ணையும் எந்தப் பாட்டும் அனுப்பாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இவ்விரண்டும் சேர்ந்ததே அவையறிதல்.